தனியா குரூப் டூர்ல காசி போறேன், ரூமுக்கும் பணத்துக்கும் வழி சொல்லுங்க

கோத்தகிரி_தேயிலை:

வணக்கங்க. நான் கோத்தகிரி பக்கத்துல ஒரு கிராமம், வயசு 51. கொஞ்சம் தேயிலைக்காடு இருக்கு, அதுதான் வருமானம். எங்கம்மா இருந்த வரைக்கும் காசி காசின்னு சொல்லிட்டே இருந்தாங்க, முதல்ல முட்டி வலின்னு தள்ளிப்போச்சு, அப்புறம் கொரோனா வந்துச்சு, போன வருஷம் அவங்களே தவறிட்டாங்க. அவங்க நினைப்புல தை மாசம் ராமேஸ்வரம் போய் கடல் மண்ணு ஒரு பிடி எடுத்துட்டு வந்து சாமி அலமாரியில பித்தளை சொம்புல துணி கட்டி வச்சிருக்கேன். அதை பிரயாகையில கரைச்சுட்டு அங்கருந்து கங்கைத் தண்ணி கொண்டாந்து ராமேஸ்வரத்துல சேர்க்கணும். கூட வர்றதுக்கு யாரும் இல்ல. தம்பி வீட்டுல தனியா எதுக்கு போறேன்னு கேக்கறாங்க, ஆனா வர்றேன்னும் சொல்லல.

கோயமுத்தூர்ல ஒரு டூர்காரங்ககிட்ட விசாரிச்சேன். காசி, பிரயாகை, கயா, அயோத்தி, 10 நாள், போக வர ட்ரெயின் த்ரீ டயர் ஏசி, சமையல்காரர் கூடவே வர்றார், ட்வின் ஷேரிங்ல, அதாவது ரூமுக்கு ரெண்டு பேர்னு, ஆளுக்கு 29,500. நான் ஒத்த ஆளுன்னு சொன்னதும் அப்ப தனி ரூம்தான், 9,500 சேர்த்துக் கட்டணும்னாங்க. வேண்டாம்னா வேற ஒரு லேடீஸ் கூட போட்டுத் தர்றோம், யாருன்னு அங்க போனாதான் தெரியும்னு சொல்றாங்க. எனக்கு அதுதான் வயித்துல புளியைக் கரைக்குது, முன்ன பின்ன பாக்காத ஆள் கூட அஞ்சாறு ராத்திரி எப்படிங்க? சீட்டு எடுத்த பணம் 45,000 கையில இருக்கு, அதுக்கு மேல ஒரு ரூபா கிடையாது. ஏப்ரல்ல ஒரு டூர், நவம்பர்ல ஒரு டூர், ஏப்ரல் போனா 2,000 கம்மியாம். வர்ற சனிக்கிழமைக்குள்ள 10,000 அட்வான்ஸ் கேக்கறாங்க. கட்டலாமா? தனியா போன அனுபவம் இருக்கறவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க.

குன்னூர்_ரோஜா:

கண்ணு, முதல்ல ஏப்ரல மறந்துடு. நம்ம மலையில பொறந்து வளந்த உடம்புக்கு அங்க சித்திரை வெயில் தாங்காது, காசியில அப்ப 40 டிகிரி தாண்டிடும், மத்தியானம் படித்துறைக் கல்லுல கால் வைக்க முடியாது. 2,000 மிச்சம் பிடிக்கப் போய் ஆஸ்பத்திரிக்குக் குடுக்காத. நவம்பரே போ. ஆனா தீபாவளி முடிஞ்சு வர்ற பௌர்ணமி என்னைக்குன்னு காலண்டர் பாத்துக்கோ, வடக்க அதைத்தான் கார்த்திகை பௌர்ணமின்னு சொல்லுவாங்க, அன்னைக்கு காசியில தேவ் தீபாவளி, படித்துறை பூரா விளக்கு, பாக்க கண் கோடி வேணும், ஆனா ரூம் வாடகை எல்லாம் ஏறிடும், கூட்டத்துல தனி ஆளுக்கு கஷ்டம். டிசம்பர் நடுவுல இருந்து ஜனவரி வரைக்கும் வடக்க மூடுபனி, ட்ரெயின் பல மணி நேரம் லேட்டாகும், அதையும் தவிர்த்துக்கலாம்.

என் கதைய சொல்றேன். எனக்கு 60 வயசு, தனியாதான் ரெண்டு டூர் போயிருக்கேன். முதல் டூர்ல ட்வின் ஷேரிங்னு வாயால சொன்னாங்க, நானும் நம்பிப் பணம் கட்டிட்டேன். அங்க போனா ஒரே ரூம்ல மூணு பேர், ரெண்டு பேருக்குக் கட்டில், எனக்கு பாத்ரூம் கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவுல தரையில ஒரு மெத்தை. ராத்திரி யாரு எழுந்து போனாலும் என் காலைத் தாண்டித்தான் போகணும். அவங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி, அவங்களை எப்படிப் பிரிக்கறதுன்னு டூர் மேனேஜர் என்கிட்டயே கேட்டார். தனியா வந்த ஆள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்கன்னு நினைச்சுட்டாங்க, அது எனக்கு இன்னைக்கும் ஆறல. திரும்பி வந்து கேட்டா ட்வின்னு எங்க எழுதியிருக்குன்னு கேட்டாங்க, ரசீதுல வெறும் தொகை மட்டும்தான் இருந்துச்சு.

அதனால ரெண்டாவது டூருக்கு அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடியே வாட்ஸப்ல எழுதி வாங்கிட்டேன். ஒரு ரூம்ல ரெண்டு பேர்தான், ரெண்டு தனித்தனி கட்டில், எக்ஸ்ட்ரா பெட் கிடையாது, கூட இருக்கப் போறது இன்னார், அவங்க நம்பர் இது. குடுக்க மாட்டோம்னுதான் முதல்ல சொன்னாங்க. அவங்ககிட்ட கேட்டுட்டுக் குடுங்க, இல்லன்னா நான் வரலைன்னேன், மறுநாளே அந்தம்மாவே போன் பண்ணாங்க. அரை மணி நேரம் பேசினோம். குறட்டை விடுவீங்களா, லைட் போட்டுத் தூங்குவீங்களா, காலையில யாரு முதல்ல குளிக்கறதுன்னு எல்லாம் கேட்டுக்கிட்டோம், வெக்கமே படல. டூர்ல நாலு மணிக்கெல்லாம் எழுப்பி விடுவாங்க, ஒரே பாத்ரூம்ல ரெண்டு பேர் ரெடியாகணும், இதெல்லாம் முன்னாடியே பேசினாதான் மனஸ்தாபம் வராது. அந்தம்மாவும் நானும் இப்பவும் பொங்கலுக்கு பொங்கல் பேசிக்கறோம்.

ஊட்டி_வண்டிக்காரர்:

அக்கா, நான் ஊட்டியில 18 வருஷமா டூரிஸ்ட் வண்டி ஓட்டறேன், சீசன் இல்லாத மாசத்துல குரூப் டூர் கூட்டிட்டுப் போறவங்களுக்கு ரூம் ஏற்பாடும் பண்ணித் தர்றேன், அதனால அவங்க கணக்கு எப்படிப் போடறாங்கன்னு தெரியும். பஸ், ட்ரெயின், சாப்பாடு இதெல்லாம் தலைக்கு இவ்வளவுன்னு வரும், ஒத்த ஆளா வந்தாலும் அதுல வித்தியாசமே இல்ல. லாட்ஜ் மட்டும் ரூமுக்குத்தான் வாடகை, தலைக்கு இல்ல. ரெண்டு பேர் பங்கு போடற வாடகைய நீங்க ஒத்தையா கட்டறீங்க, அந்த இன்னொரு பாதிதான் நியாயமா உங்ககிட்ட வாங்க வேண்டிய எக்ஸ்ட்ரா.

இப்ப உங்க டூர எடுத்துக்குவோம். 10 நாள்னா 9 ராத்திரி. போகும்போது ரெண்டு ராத்திரி ட்ரெயின்ல, வரும்போது ரெண்டு ராத்திரி ட்ரெயின்ல, ஆக ரூம்ல படுக்கறது அஞ்சு ராத்திரிதான். 9,500ஐ அஞ்சால வகுத்தா ராத்திரிக்கு 1,900. அது பாதி ரூம் வாடகைன்னா முழு ரூம் 3,800 இருக்கணும். 29,500 டூர்ல ஏசி ட்ரெயின், சமையல், பஸ் எல்லாம் போக 3,800 ரூபா ரூம் போடுவாங்கன்னு எனக்குத் தோணல. ஓட்டல் பேரு கேளுங்க, நெட்ல வாடகை பாருங்க, 2,000 ரூபா ரூமா இருந்தா பாதி 1,000, அஞ்சு ராத்திரிக்கு 5,000, அதைச் சொல்லிப் பேசுங்க. பேசினா குறைப்பாங்க, நான் பாத்திருக்கேன்.

அடுத்தது ஜிஎஸ்டி. டூர் பேக்கேஜுக்கு 5 சதவீதம் வரும். 29,500 அதை சேர்த்தா சேர்க்காமலான்னு கேளுங்க. சேர்க்கலைன்னா தனி ரூமோட மொத்தம் 40,950 ஆயிடும், உங்க கையில மிச்சம் 4,050. அதுல கோயமுத்தூர் போக வர செலவு, படகு, ஆட்டோ, கயாவுல காரியத்துக்கு தட்சணை, சமையல்காரருக்கும் டிரைவருக்கும் டிப்ஸ், தண்ணி பாட்டில்னு போனா கண்டிப்பா கையைக் கடிக்கும். ஷேரிங்ல போனா 30,975, மிச்சம் 14,000 சொச்சம், மூச்சு விடலாம். அதுலயும் 5,000 ரூபாய எடுத்துத் தனியா ஒரு பையில போட்டு டூர் முடியற வரைக்கும் தொடாதீங்க. குடும்பத்தோட வந்தவங்களுக்கு அவசரம்னா பக்கத்துல புருஷன்கிட்டயோ மகன்கிட்டயோ கேப்பாங்க, ஒத்தையா போறவங்களுக்கு அந்தப் பைதான் துணை.

இன்னொண்ணு முக்கியமா கேக்கணும், எத்தனை பேர் சேந்தா டூர் கிளம்பும்? 30 பேர் சேரலைன்னா கேன்சல் பண்ணிட்டு அட்வான்ஸ அடுத்த டூர்ல கழிச்சுக்கங்கன்னு சொல்றவங்க இருக்காங்க. அவங்க கேன்சல் பண்ணா முழுப் பணமும் எத்தனை நாள்ல திரும்ப வரும், நீங்க கேன்சல் பண்ணா எவ்வளவு பிடிப்பாங்க, ரெண்டையும் எழுதி வாங்குங்க. பணத்த கம்பெனி பேர்ல இருக்கற பேங்க் அக்கவுண்ட்ல போடுங்க, மேனேஜர் சொந்த நம்பருக்கு போன்பே பண்ணாதீங்க. பின்னாடி தகராறு வந்தா 1915னு நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்கு, அதுக்கும் இந்த பேப்பர்தான் கேப்பாங்க.

அப்புறம் நவம்பர்ல நம்ம ரோடு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். மழையில பர்லியார் பக்கம் மண்ணு சரிஞ்சா குன்னூர் வண்டி எல்லாம் கோத்தகிரி வழியா திருப்பி விடுவாங்க, உங்க ரோட்டுலயும் மரம் விழும். ட்ரெயின் உங்களுக்காக நிக்காது. முந்தின நாள் மத்தியானமே இறங்கி கோயமுத்தூர்ல தங்கற மாதிரி பாருங்க, அந்த ரூம் வாடகையையும் பட்ஜெட்ல இப்பவே எழுதிக்கங்க.

மலைப்பூண்டு_கொடை:

அக்கா, கொடைக்கானல்ல இருந்து எழுதறேன். ரயில்வேயோட டூர் ட்ரெயின் பாரத் கௌரவ்னு இருக்கு, அதையும் பாத்துட்டு முடிவு பண்ணுங்களேன். 2022 ஜூன்ல அந்தத் திட்டத்துல முதல் ட்ரெயினே நம்ம கோயமுத்தூர்ல இருந்துதான் ஷீரடிக்குக் கிளம்புச்சு. இப்ப ஐஆர்சிடிசி வெப்சைட்ல போனா எந்தெந்த தேதி, எங்கெங்க ஏறலாம், என்ன ரேட்டுன்னு எல்லாம் போட்டிருக்கும். நிறைய பேக்கேஜ்ல ஒத்த ஆளுக்கு ஒரு ரேட்டு, ரெண்டு பேர் சேந்தா ஒரு ரேட்டு, மூணு பேருக்கு ஒரு ரேட்டுன்னு தனித்தனியா இருக்கும், அங்க பேரம் இல்ல, ஒளிவு மறைவும் இல்ல. ஆனா கிளாஸ் மாறினா ரூமும் மாறும், கீழ சின்னதா எழுதியிருக்கறத படிச்சுட்டுதான் கட்டணும்.

பிரைவேட் டூர்லயே போறதா இருந்தா ட்ரெயின் டிக்கெட் பத்தி ஒண்ணு சொல்றேன், எங்கம்மாவுக்கு இதுல பட்டதால சொல்றேன். 45 வயசு தாண்டின பொம்பளைங்களுக்கு லோயர் பர்த் கோட்டா இருக்கு, ஆனா ஒரு டிக்கெட்ல ஒருத்தரோ ரெண்டு பேரோ இருந்தாதான் அது. டூர்காரங்க மொத்தமா ஆறு பேர ஒரே டிக்கெட்ல போட்டுட்டாங்க, எங்கம்மாவுக்கு வந்தது அப்பர் பர்த். ரெண்டு ராத்திரி அந்த ஏணியில ஏறி இறங்கி முட்டி வீங்கிப் போய்தான் இறங்கினாங்க. உங்க பேர தனி பிஎன்ஆர்ல, அதாவது தனி டிக்கெட்ல போடச் சொல்லுங்க. ரிசர்வேஷன் இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது, அன்னைக்கே போட்டாதான் கிடைக்கும். போட்டதும் பிஎன்ஆர் நம்பர வாங்கி நீங்களே செக் பண்ணிக்கங்க.

பையும் ஒண்ணு போதும்கா, நீங்க ஒரு கையில தூக்கிப் படியேற முடியற வெயிட்டா இருக்கட்டும். காசி விஸ்வநாதர் கோயில் உள்ள போன் கொண்டு போக விட மாட்டாங்க, பூஜை சாமான் விக்கற கடையில லாக்கர் இருக்கும், அதுல வச்சுட்டுப் போகணும். மத்தவங்க வீட்டாளுங்ககிட்ட குடுத்துட்டுப் போவாங்க, உங்களுக்கு அது இல்லைன்றதால டூர் மேனேஜர் நம்பரையும் லாட்ஜ் பேரையும் ஒரு பேப்பர்ல எழுதி ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கங்க.

கோத்தகிரி_தேயிலை:

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடறேன். இவ்வளவு விவரமா யாரும் எனக்கு சொன்னதில்ல. வண்டிக்கார தம்பி போட்ட கணக்க நோட்டுல எழுதி வச்சுட்டு டூர்காரங்களுக்குப் போன் பண்ணேன். அஞ்சு ராத்திரிதானேன்னு கேட்டதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, அப்புறம் 6,000க்கு வந்தாங்க. அதுவும் வேண்டாம், ஷேரிங்கே போதும், ஆனா கூட வர்றவங்க நம்பர் வேணும்னு ரோஜா அக்கா சொன்ன மாதிரியே சொன்னேன். ஜிஎஸ்டி தனிதானாம், இப்பவாச்சும் தெரிஞ்சுச்சே. பாரத் கௌரவ்ல நவம்பர் தேதி எனக்கு ஒத்து வரல, அதனால இதுலயே போறேன்.

ஒரு சந்தேகம், காசியில பிடிச்ச பழம் ஒண்ணு விடணும்பாங்களே, அதை டூர்லயே செய்ய வைப்பாங்களா?

குன்னூர்_ரோஜா:

கேட்டா எங்க, எப்படின்னு சொல்லுவாங்க கண்ணு, சங்கல்பம் பண்ணி விட்டுடலாம், அதுக்குன்னு பெருசா செலவில்ல. எதை விடறதுன்னு இங்கயே முடிவு பண்ணிட்டுப் போ, அங்க போய் யோசிச்சா அவசரத்துல வாயில வந்ததை சொல்லிடுவோம். நான் ப்ளம்ஸ் விட்டேன், மே மாசம் தோட்டத்துல பழுத்துத் தொங்கும்போது இன்னும் கஷ்டமாத்தான் இருக்கு. நம்பர் குடுத்தாங்களா?

கோத்தகிரி_தேயிலை:

குடுத்துட்டாங்கக்கா! மேட்டுப்பாளையத்துல ஒரு அம்மா, நர்ஸா இருந்து ரிட்டயர்டு ஆனவங்க, அவங்களும் தனியாத்தான் வர்றாங்களாம், என்னை மாதிரியே யாரு கூட போடுவாங்களோன்னு அவங்களும் பயந்துட்டு இருந்திருக்காங்க. தூங்கும்போது ஃபேன் வேணும்ங்கறாங்க, எனக்கு ஃபேன் காத்தே ஒத்துக்காது, நான் ஃபேனுக்குத் தள்ளி இருக்கற கட்டில்ல படுத்துக்கறேன்னு பேசி முடிச்சாச்சு. முந்தின நாள் கோயமுத்தூர்ல ரூம் எடுக்க வேண்டாம், எங்க வீட்டுலயே தங்கிட்டு காலையில சேந்து போலாம்னு சொல்லிட்டாங்க. இருந்தாலும் பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை நேர்ல பாத்துடலாம்னு வெள்ளிக்கிழமை காலையில முதல் பஸ்ல மேட்டுப்பாளையம் இறங்கறேன். ட்வின் ஷேரிங், தனி பிஎன்ஆர், திரும்ப வர்ற பணம், மூணும் எழுதித் தந்தா சனிக்கிழமை அட்வான்ஸ் கட்டிடுவேன், கட்டினதும் இங்க வந்து சொல்றேன்.