சவுத்டேல் மால்: எந்தக் கடை எந்தக் கட்டடத்தில் இருந்தது?

இளவேனில்:
அமெரிக்காவில் மினியாபொலிஸை ஒட்டிய ஈடைனா புறநகரில் இருக்கும் சவுத்டேல் சென்டர் மாலின் கடைகளைக் காலவரிசைப்படி தொகுக்கிறேன். 1956 அக்டோபர் 8 அன்று திறந்தபோது 72 கடைகள், அவற்றில் டேட்டன்ஸ், டொனால்ட்சன்ஸ் என்று இரண்டு பெரிய கடைகள். டேட்டன்ஸ் 2001இல் மார்ஷல் ஃபீல்ட்ஸ் ஆனது, 2006இல் மேசீஸ் ஆனது. அப்படியானால் மேசீஸ் இருக்கும் கட்டடம்தான் 1956இன் டேட்டன்ஸ் கட்டடம் என்று எழுதலாமா? டொனால்ட்சன்ஸ் பக்கம் என்ன ஆனது? நேருக்கு நேர் போட்டியாளர்களான இரண்டு கடைகளை ஒரே கூரைக்கடியில் ஏன் வைத்தார்கள்? "உலகின் முதல் கூரையிட்டு மூடிய மால்" என்று தலைப்பு வைக்கலாமா?

செங்கல்சூளை:
அப்படி எழுதாதீர்கள், தவறாகிவிடும். மால் வரலாறு எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குகிற இடமே இதுதான். டேட்டன்ஸ் 1990இல் அதே வளாகத்தில் புதிதாக ஒரு பெரிய கட்டடம் கட்டி அதற்குக் குடிபோனது. பழைய இடம் பிற கடைகளுக்குப் போய்விட்டது. 2006இல் மேசீஸ் பலகை ஏறியது 1990 கட்டடத்தில். பெயர் தொடர்ந்து வருகிறது, சுவர் தொடரவில்லை.

அட்டவணையில் கட்டடத்துக்கு ஒரு நெடுவரிசை, கடைப் பெயருக்கு ஒரு நெடுவரிசை, முதலாளி நிறுவனத்துக்கு ஒரு நெடுவரிசை என மூன்றாகப் பிரியுங்கள். முதலாளி மாறிய ஆண்டும் பலகை மாறிய ஆண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இதே கடையைப் பாருங்கள். மார்ஷல் ஃபீல்ட்ஸை மே நிறுவனம் 2004இல் வாங்கியது, மே நிறுவனத்தை மேசீஸின் உரிமையாளரான ஃபெடரேட்டட் 2005இல் வாங்கியது, வாசலில் மேசீஸ் என்று எழுதியது 2006 செப்டம்பரில்தான். மூன்றையும் ஒரே வரியில் திணித்தால் இரண்டு ஆண்டு பிசகும்.

வடகாற்று:
இரண்டு போட்டிக் கடைகள் ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். கட்டடக் கலைஞர் விக்டர் க்ரூயன் வியன்னாக்காரர், 1938இல் அமெரிக்கா வந்தவர். 1954இல் டெட்ராய்ட் அருகே நார்த்லேண்ட் என்ற திறந்தவெளி வணிக வளாகத்தை அவர்தான் வடிவமைத்தார். அங்கே பெரிய கடை ஒன்றே ஒன்று, ஹட்சன்ஸ், நடுவில் இருந்தது. சவுத்டேலில் பெரிய கடைகளை இரண்டாக்கி, இடைப்பட்ட வழியில் சிறு கடைகளை வரிசையாக வைத்தார்கள். ஒன்றில் விலை பார்த்துவிட்டு மற்றதில் ஒப்பிடப் போகிறவர் சிறு கடைகளைக் கடந்துதான் போயாக வேண்டும். போட்டியாளர் வந்ததால் மாலைக் கட்டிய டேட்டன்ஸ் இழந்ததைவிட, இரு கடைகளும் சேர்ந்து இழுத்த கூட்டம் பெரிது.

இரண்டு தளம் வைத்ததும் அன்றைக்குப் புதுமை. மாடிக் கடைக்கு ஆள் ஏற மாட்டார் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. கார் நிறுத்துமிடத்தையே இரண்டு மட்டமாக அமைத்து, ஒரு மட்டத்தில் நிறுத்தியவர் கீழ்த்தளத்துக்கும் அடுத்த மட்டத்தில் நிறுத்தியவர் மேல்தளத்துக்கும் படி ஏறாமலே நுழையும்படி செய்தார்கள். நடுவில் எஸ்கலேட்டர். எது மாடி என்ற வேறுபாடே போய்விட்டது!

கூரை போட்டதற்குக் காரணம் வானிலை. ஆண்டுக்கு 126 நாள்தான் அங்கே வெளியில் நடந்து கடை பார்க்க ஏற்றது என்பது டேட்டன்ஸ் தரப்பின் கணக்கு. உள்ளே சுமார் 24 டிகிரி செல்சியஸ் எப்போதும். பொது இடமே கதகதப்பாக இருந்ததால் சிறு கடைகளுக்குத் தனிக் கதவோ வெளிக் கண்ணாடியோ தேவைப்படவில்லை. முகப்பு முழுக்கத் திறப்பு, இரவில் அடைத்தால் போதும். வெளிச்சுவர்கள் மொட்டையாக இருப்பதும் இதனால்தான், கண்காட்சி எல்லாம் உள்பக்கம். நடு முற்றத்தில் வானொளிக் கூரைக்குக் கீழே மீன்குளம், 21 அடி உயரப் பறவைக்கூண்டு, ஹாரி பெர்டோயா செய்த உலோக மரங்கள் எல்லாம் இருந்தன. அந்த முற்றத்தைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதுங்கள். வாங்க வராதவரும் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்று பணம் போட்டுக் கட்டிய இடம் அது.

கணக்கன்:
டொனால்ட்சன்ஸ் பக்கம்: 1987இல் கார்சன் பிரி ஸ்காட் ஆனது. கார்சனின் மினசோட்டா கடைகளை 1995இல் டேட்டன்ஸின் தாய் நிறுவனமான டேட்டன் ஹட்சன் வாங்கியது, சவுத்டேல் கடை மெர்வின்ஸ் ஆனது. மெர்வின்ஸ் அப்போது டேட்டன் ஹட்சனுடைய கடைச் சங்கிலி. அதாவது 1956இன் போட்டியாளர் இடம் டேட்டன்ஸ் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. 2004இல் மெர்வின்ஸ் மூடியது. 2011இல் ஹெர்பர்கர்ஸ் வந்தது, தாய் நிறுவனம் பான்-டன் கலைக்கப்பட்டபோது 2018இல் அதுவும் போனது. மூன்றாவது பெரிய கடை ஜேசி பென்னி, 1972இல் சேர்ந்து 2017இல் மூடியது. அந்த இடத்தில் 2019இல் லைஃப் டைம் உடற்பயிற்சிக் கூடம் வந்தது.

ஒரு பெரிய கடை போனால் மால் ஏன் ஆட்டம் காண்கிறது என்பதையும் சேருங்கள். ஆங்கர் கடை, அதாவது கூட்டத்தை இழுக்கும் பெரிய கடை, தரும் வாடகை மிகக் குறைவு, பல இடங்களில் கட்டடமே அவர்களுடையது. மாலுக்கு வருமானம் சிறு கடைகளிடமிருந்து: மாத அடிப்படை வாடகை, அதோடு விற்பனை ஒரு வரம்பைத் தாண்டினால் அதில் ஒரு சதவீதம். பல குத்தகைகளில் "ஆங்கர் கடை மூடியிருந்தால் வாடகை குறையும், குறிப்பிட்ட மாதங்களுக்குள் மாற்றுக் கடை வராவிட்டால் வெளியேறலாம்" என்று ஒரு விதி இருக்கும். அதனால் ஒரு பெரிய கடை மூடியதும் அடுத்தடுத்துப் பல சிறு கடைகள் போகலாம். இதே டேட்டன்ஸ் கட்டிய புரூக்டேல் (1962) 2010இல் மூடப்பட்டுப் பிறகு இடிக்கப்பட்டது. ரோஸ்டேல் (1969), ரிட்ஜ்டேல் (1974) இரண்டும் அந்த வரிசையில் வந்தவைதான்.

செங்கல்சூளை:
"முதல்" என்ற சொல்லுக்கு அடைமொழி கட்டாயம். விஸ்கான்சினில் ஆப்பிள்டன் அருகே வேலி ஃபேர் 1955லேயே திறந்தது, அதற்கும் அந்த உரிமை கோரப்படுகிறது. "இரண்டு பெரிய கடைகளோடு முழுக்க மூடி, வெப்பநிலை கட்டுப்படுத்திய முதல் வட்டார மால்" என்றால் யாரும் மறுக்க முடியாது.

இன்னொன்று, சவுத்டேலுக்குப் பிறகு மால்கள் புற்றீசல் போலக் கிளம்பியதற்கு க்ரூயன் மட்டும் காரணமல்ல. 1954 வரிச் சட்டம் புதுக் கட்டடங்களுக்குத் தேய்மானத்தை வரிக்கான வருமானத்திலிருந்து முன்கூட்டியே கழிக்க விட்டது. 40 லட்சம் டாலர் கட்டடத்துக்கு 40 ஆண்டு ஆயுள் என்றால் பழைய முறையில் ஆண்டுக்கு 1 லட்சம்தான் கழியும். புது முறையில் முதல் ஆண்டே 2 லட்சம், அடுத்த ஆண்டு 1.9 லட்சம். பழைய ஊர்க் கடைத்தெருவைச் செப்பனிடுவதைவிட வயல்வெளியில் புதிதாகக் கட்டுவது லாபமானது. க்ரூயன் சவுத்டேலைச் சுற்றி 463 ஏக்கரில் வீடு, பள்ளி, மருத்துவமனை, ஏரி என்று ஓர் ஊரையே திட்டமிட்டிருந்தார். தன் யோசனையிலிருந்து கடையும் கார் நிறுத்துமிடமும் மட்டுமே பிடுங்கப்பட்டதைப் பார்த்து, கடைசிக் காலத்தில் அந்த மால்களுக்கும் தனக்கும் உறவே இல்லை என்று வெளிப்படையாக மறுத்தார்.

இளவேனில்:
மிக்க நன்றி. அட்டவணையின் கட்டட நெடுவரிசையை எதை வைத்துச் சரிபார்ப்பது?

வடகாற்று:
முதலில் வான்வழிப் படங்களை ஆண்டுவாரியாக அடுக்குங்கள். கட்டடத்தின் வெளிக்கோடு மாறிய இடைவெளி தெரியும், 1972 சேர்க்கையும் 1990 கட்டடமும் அதிலேயே பிடிபடும். பிறகு அந்த இடைவெளிக்குள் வந்த செய்தித்தாள் திறப்புவிழா விளம்பரங்களைத் தேடுங்கள். "விரைவில்" என்று வந்த அறிவிப்பைத் திறந்த தேதியாக எடுக்கக் கூடாது. கடைசியாகப் பழைய நகரக் கையேடுகள், அதாவது ஆண்டுதோறும் வந்த முகவரிப் பட்டியல்கள். அவை முந்தைய ஆண்டுத் தகவலைத் தாங்கி வருவதால் மூடிய கடையும் ஓர் ஆண்டு கூடுதலாக உயிரோடிருக்கும்.

புகைப்படம் கிடைத்தால் சுவரை உற்றுப் பாருங்கள். கழற்றிய பலகையின் எழுத்து இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் பழைய நிறத்தோடு நிற்கும், அங்கங்கே திருகாணித் துளைகள். புதுப் பலகை சிறியதாக இருந்தால் பழைய பெயரின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும்.