புதுப்பிப்பு: குளிர்காலப் பறவை நோக்கலும் பைனாகுலர் தேர்வும்

உள்ளூர் இயற்கை ஆர்வலர் கழகத்தின் குளிர்கால நடைகளுக்கு 8×42, 10×42 (முதல் எண் உருப்பெருக்கம், அடுத்தது முன்புற வில்லையின் விட்டம் மி.மீ. அளவில்) ஆகிய இரண்டில் எந்தப் பைனாகுலர் பொருந்தும் என்று முன்பு கேட்டிருந்தேன். கழகத்தினர் இரண்டையும் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னதால், 8×42 என முடிவு செய்துவிட்டேன். முன்புற வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். அது முதலாவதில் 5.25 மி.மீ., இரண்டாவதில் 4.2 மி.மீ. என்பதால், கண்மணி விரிந்திருக்கும் மங்கலான விடியலில் எட்டு மடங்குக் கருவியே தெளிவாகக் காட்டியது. கைநடுக்கமும் அதில் குறைவாகவே தெரிகிறது. ஏரியின் மறுகரையில் மிதப்பவற்றுக்கு இரண்டுமே போதாது. அதற்கு முக்காலியில் பொருத்திய தொலைநோக்கிதான் வேண்டும்.

நான் எதிர்பாராதது, வாத்துகளை அடையாளம் காணக் குளிர்காலமே எளிது என்பதுதான். இனப்பெருக்கத்திற்குப் பின் இறகுதிர்த்துப் பெட்டையைப் போல மங்கித் தோன்றும் வடபுல வாத்தினங்கள் பலவற்றின் ஆண்கள், குளிர்காலத்தின் நடுப்பகுதிக்குள் தமது பளிச்சென்ற இறகுகளைத் திரும்பப் பெற்றுவிடுகின்றன. நீர்க்கரைப் பறவைகளான உள்ளான்களோ (என் பொறுமையை இன்னும் சோதிப்பவை இவைதான்) இப்பருவத்தில் பெரும்பாலும் சாம்பலும் பழுப்புமாக ஒன்றுபோலவே இருப்பதால், நிறத்தை விட்டுவிட்டு அலகின் நீளத்தையும் வளைவையும் இரை தேடும் விதத்தையும் கவனிக்குமாறு மூத்த உறுப்பினர் ஒருவர் அறிவுறுத்தினார். இப்போது அப்படித்தான் குறிப்பெடுத்து வருகிறேன்.