கஷ்ட காலத்தில் உங்களைத் தாங்கிய கடவுள் வாக்கு எது? திருகோணமலை ஆட்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

உப்புவெளி அக்கா:

நானே தொடங்குகிறேன், கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சபையில் டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளை வைத்திருப்பார்கள். ஆளுக்கொன்று எடுத்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்வோம். 2022 பிறந்த இரவு அம்மாவுக்குக் கிடைத்தது எரேமியா 29:11. நினைத்திருக்கிற நினைவுகள் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற அந்த வசனம். எல்லார் வீட்டுச் சுவரிலும் இருக்கிறதுதான். பெரிய வெள்ளி வருவதற்கு முன்பே அம்மாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள்.

2022 எப்படிப் போனது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெற்றோல் வரிசை, காஸ் இல்லை, கரண்ட் இல்லை, சில மருந்துகளை வெளியில் தேடி வாங்கி வாருங்கள் என்று துண்டு எழுதித் தருவார்கள், வெளியிலும் இருக்காது. மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் வான் பிடிக்க வழியில்லை, அதனால் இரவு ரயில்தான். அம்மாவின் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு கல்ஓயாச் சந்தி தாண்டும் வரைக்கும் கண் மூடாமல் இருப்பேன்.

இதில் நோயைவிட எனக்கு அதிகம் வலித்த விஷயம் ஒன்று இருக்கிறது, அதை இங்கே எழுதத்தான் வேண்டும். வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர், "அடுத்த மாதம் அம்மா எழும்பி நடப்பார், கர்த்தர் எனக்குக் காட்டினார்" என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதை அப்படியே நம்பினார். அந்த மாதம் போய் அடுத்த மாதமும் வந்தது, அம்மாவுக்குக் கட்டிலை விட்டு இறங்கவே ஏலாமல் போனது. ஒருநாள் இரவு என்னைக் கூப்பிட்டு, "என்ர விசுவாசத்திலதான் ஏதும் குறையோ பிள்ளை?" என்று கேட்டார். அறுபது வருஷம் ஒரு ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போன மனுஷி. சாகக் கிடக்கிற ஒருவரை இப்படிக் கேட்க வைப்பது ஜெபம் இல்லை, நான் எங்கேயும் இதைச் சொல்வேன்.

சரி, ஆறுதல் எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் கிளினிக்குக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு ஐயா இருந்தார், மூதூர் கிழக்குப் பக்கத்து ஆள், மனைவிக்காக வந்திருந்தார். 2006 சண்டையில் இடம்பெயர்ந்து, வாகரைப் பக்கத்தால் மட்டக்களப்புக்குப் போய், பிறகு கிளிவெட்டி முகாமுக்கு வந்து, காணி விடுபட்டு ஊருக்குத் திரும்ப ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆனதாம். அம்மா கையிலிருந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது அகதிகளுக்கு எழுதின கடிதம், தெரியுமோ?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றில்லை, அப்படி யோசித்ததில்லை, அவ்வளவுதான். அவர் அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்துக் காட்டினார். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட சனங்களுக்கு எரேமியா எழுதி அனுப்பியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் வந்து, இரண்டு வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று கர்த்தர் பெயரால் சொல்கிறான். சனங்களுக்கு அது எவ்வளவு இனித்திருக்கும்! ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை. எரேமியாவின் கடிதம் எழுபது வருஷம் என்கிறது. அதுவரைக்கும் அங்கேயே "வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி" அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்கிறது. அதற்குப் பிறகுதான் எங்கள் சுவரில் ஒட்டுகிற வசனமே வருகிறது.

"முகாமில எங்களுக்கும் மாதத்துக்கொரு ஆள் வந்து அடுத்த மாதம் போகலாம் எண்டு சொன்னவை. அதைக் கேட்டுக் கேட்டே கனபேர் உடைஞ்சு போச்சினம். நான் இந்தக் கடிதத்தை வாசிச்சுப் போட்டுத் தகரக் கொட்டிலுக்குப் பக்கத்தில கத்தரி வைச்சன்" என்றார் அந்த ஐயா. அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்த அடுத்த கிழமை அம்மா என் மகனிடம் வெண்டி விதை வாங்கிவரச் சொன்னார், ஜன்னலுக்கு வெளியே கட்டிலிலிருந்து பார்க்கிற இடத்தில் போடச் சொன்னார். அதன்பிறகு அந்த விசுவாசக் குறை பற்றிய கேள்வியை அவர் கேட்கவே இல்லை. வலி இருந்தது, இரவில் அழுவார், ஆனால் கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற பயம் போய்விட்டது. வெண்டிக்காய்க் குழம்பும் சாப்பிட்டார். அந்த வருஷக் கடைசியில் காலமானார். அம்மா சுகமாகவில்லை, ஆனால் அந்த வாக்கு பொய்யாகவும் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்கு இப்போது தைரியம் இருக்கிறது.

கோணேசர் வீதி:

அக்கா, நான் சைவம், எழுதலாம்தானே? 2017 டெங்கு எங்கள் மாவட்டத்தில் கிண்ணியாப் பக்கம் எப்படி அடித்தது என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், நாடு முழுக்க அந்த வருஷம் 1,86,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். என் மகனும் அதில் ஒருவன். பிளேட்லட் விழுந்துகொண்டே போகிறது, டொக்டர் வந்து இன்னும் இரண்டு நாள் கடக்கட்டும் என்கிறார். அம்மம்மா வார்ட்டுக்கு வெளியே நின்று கோளறு பதிகம் பாடிக்கொண்டே இருந்தார், "நல்லநல்ல அவைநல்லநல்ல அடியா ரவர்க்கு மிகவே" என்று. எனக்கு ஆத்திரம்தான் வந்தது, என்ன நல்லது நடந்துவிட்டது என்று கேட்டுவிட்டேன். அதற்கு அவர் சொன்னார், சம்பந்தர் இதைப் பாடிவிட்டுத்தான் மதுரைக்குப் போனார், நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் தடுத்தும் போனார், போன இடத்தில் அவர் தங்கியிருந்த மடத்துக்கே தீ வைத்தார்கள், அதற்காகப் பதிகம் பொய்யா தம்பி என்று. நீங்கள் எழுதிய எரேமியா கதையை வாசிக்கும்போது எனக்கு அம்மம்மாவின் குரல்தான் கேட்டது. மகன் தப்பிவிட்டான். பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளை தப்பவில்லை, அந்தத் தாயிடம் அம்மம்மா பதிகம் எதுவும் சொல்லவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார், அதையும் சொல்லவேண்டும்.

நிலாவெளி கடலம்மா:

நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். அவருக்குத் தொழில் கடல். 2022 ஆகஸ்டில் 87 ரூபாய் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாய் ஆனபோது படகை இழுத்துக் கரையில் போட்டுவிட்டோம். எனக்குப் பெரிய விளக்கமெல்லாம் தெரியாது. "அந்தந்த நாளுக்கு அன்றன்றுள்ள தொல்லையே போதும்", இது ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். காலையில் அன்றைக்குச் சமைக்க என்ன இருக்கிறது என்று மட்டும் பார்ப்பேன், நாளையை எண்ணமாட்டேன். பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்து தந்த நாளும் உண்டு, நான் நெத்தலிக் கருவாடு கொடுத்த நாளும் உண்டு. சேசு தந்தது என்றுதான் இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.

புதிய உறுப்பினர்:

அக்கா, என் அப்பா இப்போது வார்ட்டில். வாசித்துக் காட்டச் சொல்கிறார். எதை வாசிப்பது என்று தெரியவில்லை, தப்பாக ஏதும் வாசித்து நம்பிக்கையைக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

உப்புவெளி அக்கா:

பயப்படாதேங்கோ. முதலில் அப்பாவிடமே கேளுங்கள், சின்ன வயதில் பாடமாக்கிய சங்கீதம் ஒன்று கட்டாயம் இருக்கும், அதிலிருந்து தொடங்குங்கள், அவர் கூடவே சொல்லுவார். அழுகை வருகிற நாளில் சங்கீதம் 13 வாசியுங்கள், "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தாவீதே கேட்கிறார், அதனால் அப்பா கேட்டாலும் குற்றமில்லை. ஏசாயா 43 நல்லது. ரோமர் 8 நீளம், கடைசிப் பகுதி மட்டும் போதும். மெதுவாக வாசியுங்கள், களைத்துவிட்டால் நிறுத்துங்கள். யாராவது வந்து இத்தனை நாளில் சுகம் என்று திகதி சொன்னால் மரியாதையாகத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். அப்பாவின் பெயரை எனக்குத் தனியாக அனுப்புங்கள், புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் சொல்கிறேன். பெரியாஸ்பத்திரி என்றால் எந்த வார்ட் என்றும் எழுதுங்கள், பின்னேரம் பார்வையாளர் நேரத்துக்கு நானும் வருகிறேன்.