அப்பாவின் நெல் ரகத் தளம்: ஃப்ரேமை எடுக்கலாமா, அப்படியே விடலாமா?

நெற்களம்:
வணக்கம். என் அப்பா வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2001-இல் பாரம்பரிய நெல் ரகங்களுக்காக ஒரு தளம் தொடங்கினார். எல்லாம் அவரே நோட்பேடில் அடித்தது. இடப்பக்கம் ரகங்களின் பட்டியல். மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை, காட்டுயானம் என்று எதை அழுத்தினாலும் வலப்பக்கம் அதன் விவரம் வரும். முழுக்க ஃப்ரேம்செட்தான், அதாவது திரையைப் பிரித்து ஒவ்வொரு பகுதியிலும் (ஃப்ரேமிலும்) தனிப் பக்கத்தைக் காட்டும் முறை. இப்போது தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். கம்ப்யூட்டரில் இன்றும் ஒழுங்காகத் திறக்கிறது. ஆனால் காட்டுயானம் பக்கத்தைத் திறந்து முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பெறுகிறவர்களுக்கு முகப்புதான் வருகிறது. போனில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரிகிறது. ஃப்ரேமைத் தூக்கிவிடு என்கிறார்கள் நண்பர்கள். அந்தப் பட்டியல் போகவே கூடாது என்கிறார் அப்பா. என்ன செய்யலாம்?

வழிப்போக்கன்:
ஃப்ரேம்செட்டை எடுத்துவிட்டு ஐஃப்ரேம் போடுங்கள், அது ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் பெட்டி. வலைப்பக்கம் எழுதும் மொழியின் புதிய பதிப்பான ஹெச்டிஎம்எல்5-இலும் ஐஃப்ரேம் இருக்கிறது. சீக்கிரம் முடிந்துவிடும்.

தறிநூல்:
வேண்டாம் நண்பரே. பட்டியலை அப்படியே வைத்து விவரத்தை ஐஃப்ரேமுக்குள் திறந்தால், நெற்களம் சொன்ன வாட்ஸ்அப் தொல்லை அப்படியே இருக்கும். கூகுள் மேப், யூடியூப் வீடியோ மாதிரி அடுத்தவர் பொருளைப் பக்கத்துக்குள் வைக்கத்தான் ஐஃப்ரேம் நல்லது. நம் சொந்தப் பக்கங்களை அதில் அடைக்கக் கூடாது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்பா செய்தது அந்தக் காலத்துக்குச் சரியான வேலை. நெட்ஸ்கேப் 2.0 பிரவுசர் ஃப்ரேமைக் கொண்டு வந்தது 1996-இல். நம் ஊரில் அப்போது போன் லைன் வழியே இணைக்கும் டயல்-அப் மோடம். 28.8 கேபிபிஎஸ் இணைப்பில், எல்லாம் நன்றாக இருந்தாலே நொடிக்கு மூன்றரை கேபி வரும். 20 கேபி பட்டியல் ஒவ்வொரு பக்கத்தோடும் இறங்கினால் ஒவ்வொரு கிளிக்குக்கும் ஆறு நொடி போய்விடும். ஃப்ரேம் இருந்தால் பட்டியல் ஒரே தடவைதான் இறங்கும். போன் பில்லும் மிச்சம். 1997 டிசம்பரில் வந்த ஹெச்டிஎம்எல் 4.0 இதை அதிகாரபூர்வமாகவே சேர்த்துக்கொண்டது. அந்த நியாயம் இப்போது இல்லை. 2014-இல் ஹெச்டிஎம்எல்5 முழுத் தரமாக வந்தபோது ஃப்ரேம்செட்டை வழக்கொழிந்தது என்று ஒதுக்கிவிட்டார்கள். பிரவுசர்கள் பழைய தளங்களுக்காக இன்னும் காட்டுகின்றன, அவ்வளவுதான்.

வாட்ஸ்அப் விஷயத்துக்கு வருவோம். முகவரிப் பட்டை காட்டுவது வெளிச்சட்டத்தின், அதாவது ஃப்ரேம்செட் இருக்கும் முகப்புக் கோப்பின் முகவரியை மட்டும்தான். வலப்பக்கம் காட்டுயானம் வந்தாலும் கருங்குறுவை வந்தாலும் மேலே உள்ள முகவரி மாறாது. அதைத்தான் நீங்கள் நகல் எடுத்து அனுப்புகிறீர்கள். புக்மார்க் போட்டாலும் இதே கதை. கூகுளில் இது தலைகீழாக நடக்கும். தேடுகிறவர் நேராகக் காட்டுயானம் பக்கத்துக்கே வந்து இறங்குவார். அங்கே பட்டியல் இருக்காது, முகப்புக்கு வழி இருக்காது, இது யாருடைய தளம் என்றுகூடத் தெரியாது. விதை கேட்டு வந்த விவசாயி அந்த ஒரு பக்கத்தோடு திரும்பிப் போய்விடுவார். எனக்குப் பெரிய இழப்பாகப் படுவது இதுதான். அப்பா சேர்த்து வைத்த மற்ற ரகங்கள் அவர் கண்ணில் படவே படாது.

போன் கணக்கையும் பாருங்கள். திரை அகலத்துக்குப் பக்கத்தைப் பொருத்தும் வியூபோர்ட் குறிப்பை உள்பக்கங்களில் எழுதிப் பயனில்லை, வெளிச்சட்டத்தில் இருப்பதைத்தான் போன் மதிக்கும். சரி, அங்கே எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போனின் அகலம் 360 பிக்சல். பட்டியலுக்கு 220 ஒதுக்கியிருந்தால் விவரத்துக்கு மிஞ்சுவது 140. ‘மாப்பிள்ளைச் சம்பா’ என்ற தலைப்பே இரண்டாக உடையும்.

தென்றல்வழி:
எனக்குப் பார்வை இல்லை, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் வைத்துப் படிக்கிறேன். ஃப்ரேம்களுக்குத் தலைப்பு கொடுக்காத தளங்களில் எது பட்டியல், எது விவரம் என்று தடவித் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பட்டியலில் ஒரு பெயரை அழுத்தினால் நான் பட்டியலிலேயே நிற்பேன். பக்கத்து ஃப்ரேமில் ஏதோ மாறியிருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாற்றும்போது எங்களையும் நினைவில் வையுங்கள் ஐயா.

நெற்களம்:
இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். எல்லாப் பக்கத்திலும் பட்டியலை ஒட்டினால், புது ரகம் ஒன்று சேர்க்கும்போது எல்லாவற்றையும் திருத்த வேண்டி வருமே? ஜாவா நிரல் மொழியின் ஆவணப் பக்கங்கள்கூட ஃப்ரேமில்தானே இருந்தன?

தறிநூல்:
ஜாவாக்காரர்களும் விட்டுவிட்டார்கள். ஜாவாவின் மென்பொருள் தொகுப்பான ஜேடிகேயில், 11-ஆம் பதிப்பில் ஃப்ரேம் இல்லாத வடிவமே இயல்பான வடிவம் ஆனது. ஜேடிகே 13-இல் ஃப்ரேம் வசதியையே எடுத்துவிட்டார்கள். இடப்பக்கப் பட்டியலுக்குப் பதில், ஜேடிகே 9-இலேயே வந்துவிட்ட தேடல் பெட்டி இருக்கிறது.

ஒட்ட வேண்டியதில்லை. பட்டியலைத் தனிக் கோப்பாகவே வைத்திருங்கள். உங்கள் சர்வரில் ஓடுவது அப்பாச்சி என்ற மென்பொருள் என்றால், ஒரு கோப்புக்குள் இன்னொன்றைச் சேர்த்துத் தரும் அதன் எஸ்எஸ்ஐ வசதியை .html கோப்புகளுக்கும் திறந்துவிட்டு ஒவ்வொரு ரகப் பக்கத்திலும் அந்தக் கோப்பை அழைக்கும் ஒரே ஒரு வரி போதும். சர்வரே சேர்த்து அனுப்பும். புது ரகம் வந்தால் ஒரு கோப்பைத் திருத்தினால் போதும், அப்பா இதுவரை செய்த மாதிரியே. பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் பட்டியலுக்கு ‘ஸ்டிக்கி’ கொடுத்தால் விவரத்தை உருட்டும்போதும் அது இடப்பக்கம் நிற்கும். அப்பாவுக்கு வித்தியாசமே தெரியாது. குறுகிய திரையில் மட்டும் பட்டியலை விவரத்துக்குக் கீழே தள்ளிவிடுங்கள். ஹெச்டிஎம்எல்லில் வழிகாட்டும் பகுதிக்கான ‘நாவ்’ டேகில் பட்டியலையும், முக்கியப் பகுதிக்கான ‘மெயின்’ டேகில் விவரத்தையும் வைத்தால் தென்றல்வழி சொன்ன குழப்பமும் தீரும், ஸ்கிரீன் ரீடரில் நேராக விவரத்துக்குத் தாவலாம்.

ரகப் பக்கங்களின் கோப்புப் பெயர்களை மட்டும் தொடாதீர்கள். கூகுளுக்கு அவை ஏற்கெனவே தெரியும், மற்ற தளங்களும் அவற்றுக்கு இணைப்பு கொடுத்திருக்கலாம். எஸ்எஸ்ஐ சொன்னதே அதற்காகத்தான், பிஹெச்பி என்ற நிரல் மொழிக்குப் போனால் பெயரின் வால் பொதுவாக .php என்று மாறிவிடும். முதலில் காட்டுயானம் பக்கத்தை மட்டும் மாற்றிப் போனில் திறந்து பாருங்கள். சரியாக வந்தால் மற்றவற்றைத் தொடலாம். ஃப்ரேம்செட் இருக்கும் முகப்புக் கோப்பை எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக மாற்றுங்கள்.