"தலைப்பு இருக்கு, கேள்வி எங்கே?" என்கிறார்கள் – சமூகவியல் பிஎச்டி, வழி சொல்லுங்கள்

உசிலைப்பெண்

எல்லாருக்கும் வணக்கம். சமூகவியலில் பிஎச்டி செய்கிறேன், கோர்ஸ்வொர்க் முடிந்துவிட்டது. அடுத்த டிசி (ஆய்வை மேற்பார்க்கும் டாக்டரல் கமிட்டி) கூட்டத்துக்குள் சினாப்சிஸ், அதாவது ஆய்வுச் சுருக்கம், கொடுக்க வேண்டும். கைடு ஒப்புக்கொண்ட தலைப்பு இது: "பெண்களின் சமூகப் பொருளாதார நிலையில் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத் திட்டத்தின் தாக்கம் – மதுரை மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு."

போன கூட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த உறுப்பினர் அதை வாசித்துவிட்டு, "இது தலைப்பும்மா. உன் கேள்வி என்ன?" என்றார். என் நான்கு நோக்கங்களையும் சொன்னேன். பயனாளிகளின் சமூகப் பின்னணியை அறிதல், பயன்பாட்டின் அளவை அறிதல், பொருளாதாரத் தாக்கத்தை அறிதல், பரிந்துரைகள் வழங்குதல். "இதெல்லாம் நீ செய்யப்போற வேலை. கேள்வியோட வா" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் காலை பத்து மணிக்கு மேல் ஏறிப் பார்த்தால் பாதிக்கு மேல் நாற்பத்தைந்து, ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள். வேலைக்கும் காலேஜுக்கும் போகிற கூட்டம் அதற்கு முன்பே போய்விடும். பேச்சுக் கொடுத்தால் ஒருவர் மகள் வீட்டுக்கு என்பார், ஒருவர் கண் ஆஸ்பத்திரிக்கு என்பார், இன்னொருவர் "தங்கச்சிய ஒரு எட்டு பாத்துட்டு மதியச் சோத்துக்குத் திரும்பிருவேன்" என்பார். என்னை இந்த ஆய்வுக்கு இழுத்ததே இவர்கள்தான். ஆனால் இதை எப்படி ஆய்வுக் கேள்வியாக்குவது என்று பிடிபடவில்லை. இப்போதைக்குக் கையில் இருப்பது 400 பேருக்கான கேள்வித்தாள். "இத்திட்டத்தால் என் தன்னம்பிக்கை கூடியுள்ளது – முழுமையாக ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்…" என்று ஐந்து புள்ளி அளவுகோல் போட்டிருக்கிறேன்.

வைகைவாசி

ரொம்பக் குழப்பிக்கொள்ள வேண்டாம் சகோதரி. நான்கு நோக்கங்களையும் அப்படியே கேள்வியாக மாற்றி எழுதுங்கள். "பயனாளிகளின் சமூகப் பின்னணி என்ன? பயன்பாட்டின் அளவு என்ன?" என்கிற மாதிரி. அதற்குக் கீழே இரண்டு கருதுகோள். வயதுக்கும் திருப்திக்கும், கல்விக்கும் திருப்திக்கும் தொடர்பு உண்டா என்று கை-ஸ்கொயர் என்கிற புள்ளியியல் சோதனை போட்டால் வேலை முடிந்தது. எங்கள் துறையில் எல்லாரும் இப்படித்தான் கொடுக்கிறார்கள்.

திண்ணைக்குறிப்பு

தம்பி சொன்ன வழியில் கூட்டத்தைத் தாண்டிவிடலாம், கண்டுபிடிக்க ஒன்றும் இருக்காது. கிராமக் கணக்கெடுப்பிலும் நேர்காணலிலுமே என் உத்தியோக காலம் முழுக்கப் போனது, அந்த உரிமையில் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பதில் முன்கூட்டியே தெரிந்த ஒன்று ஆய்வுக் கேள்வி ஆகாதும்மா. டிக்கெட் எடுக்க வேண்டாம் என்றால் பணம் மிச்சமாகும். அதைக் கண்டுபிடிக்க பிஎச்டி எதற்கு? மாநிலத் திட்டக்குழு நாகப்பட்டினம், மதுரை, திருப்பூர் மாவட்டங்களில் ஆய்வு செய்து, மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று எப்போதோ சொல்லிவிட்டது. உன் மாவட்டமே அதில் இருக்கிறது. அதையே நீ 400 பேரிடம் திரும்பக் கேட்டு 850 என்றோ 920 என்றோ எழுதுவதால் யாருக்கும் எதுவும் கூடுதலாகத் தெரிந்துவிடப் போவதில்லை.

நீ தேடுகிற கேள்வி உன் பதிவின் மூன்றாவது பத்தியிலேயே இருக்கிறது. அந்தப் பத்து மணி பஸ்ஸைப் பற்றி யோசி. கையில் சொந்தக் காசு இல்லாத ஒரு பெண், 2021-ல் இந்தத் திட்டம் வருவதற்கு முன்பு, தங்கச்சியைப் பார்க்கப் போக வேண்டுமென்றால் என்ன செய்திருப்பாள்? வீட்டுக்காரரிடமோ மகனிடமோ பஸ்ஸுக்குக் காசு கேட்டிருப்பாள். கேட்டதும் "எதுக்கு?" என்று வரும். எங்கே போகிறாள், ஏன் போகிறாள், எப்போது வருவாள் என்பதெல்லாம் அந்த இடத்தில்தான் விசாரிக்கப்படும். அந்தப் பத்து இருபது ரூபாய் அவளுக்குப் பயணச் செலவு மட்டும் இல்லை, அனுமதி கேட்கிற சந்தர்ப்பமும் அதுதான்.

இப்போது அந்தக் காசு தேவையில்லை. சரி, அனுமதி கேட்பதும் போய்விட்டதா? எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. அதனால்தான் இது கேள்வி. ஒருவேளை, கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய், சொல்லிக்கொள்ளாமலே பஸ் ஏறுகிறார்களாக இருக்கலாம். இல்லாவிட்டால் "எதுக்கு?" என்பது மறைந்து, "மத்தியானம் யாரு சோறு வைக்கிறது, மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுறது?" என்ற வேறு உருவத்தில் அதே விசாரணை தொடரலாம். இரண்டில் எது உண்மையானாலும் எழுதத்தக்க விஷயம்தான்.

இன்னொரு படி இறங்கு. காசுதான் தடையாக இருந்தது என்றால், கூலியோ பூக்கட்டும் வருமானமோ உள்ள பெண்களைவிட, சொந்த வருமானமே இல்லாத பெண்களிடம்தான் பயணம் அதிகம் கூடியிருக்க வேண்டும். வீட்டாரின் இசைவுதான் உண்மையான தடை, காசு வெறும் சாக்கு என்றால் அந்த வித்தியாசம் தெரியக் கூடாது. நீ களத்துக்குப் போய் எதைப் பார்த்தால் உன் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொள்வாய் என்பது இப்போது உன் கையில் இருக்கிறது. குடும்பத்துக்குள் நடக்கிற பேரம் பற்றி பொருளியல் அறிஞர் பீனா அகர்வால் 1997-ல் எழுதிய கட்டுரையை எடுத்துப் படி. ஒரு பெண்ணுக்கு வெளியே என்ன பிடிமானம் இருக்கிறதோ அதைப் பொறுத்தே வீட்டுக்குள் அவள் சொல் எடுபடும் என்கிற வாதம் உனக்கு நேராகப் பயன்படும்.

அளவுகோலைத் தூக்கி எறிந்துவிடு. "தன்னம்பிக்கை கூடியதா" என்று ஒரு படித்த பெண் நோட்டுப் புத்தகத்தோடு வந்து கேட்டால் நம் ஊரில் எந்த அம்மாவும் இல்லை என்று சொல்ல மாட்டார். போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து ராத்திரி வரை எங்கெல்லாம் போனார், யாரிடம் சொல்லிவிட்டுப் போனார், யார் கூட வந்தது என்று கேள். நடந்ததைச் சொல்வார்கள், அதில் முகத்தாட்சண்யம் குறைவு.

கேள்வி எப்படிக் கூர்மையாகிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்ற ஆலைக் கிராமம். 1931-32-ல் மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் மூவரும் குழுவாகப் போய் ஆய்வு செய்தார்கள். அவர்கள் முதலில் எடுக்க நினைத்தது தொழிலாளர்களின் ஓய்வுநேரம். ஊரெல்லாம் வேலை போய்க் கிடக்கும்போது ஓய்வுநேர ஆராய்ச்சியா என்று ஓட்டோ பவுயர் என்ற அரசியல் தலைவர் கேட்ட பிறகுதான் வேலையின்மைக்கு மாறினார்கள். மாறியபோதும் "வேலையின்மையின் தாக்கம்" என்று நிற்கவில்லை. நீண்ட நாள் வேலை இல்லாமல் இருப்பது மனிதர்களைக் கலகத்துக்குத் தள்ளுகிறதா, சோர்ந்து ஒடுங்க வைக்கிறதா என்று இரண்டு பக்கமும் சாயக்கூடிய கேள்வி ஒன்றைப் பிடித்தார்கள். அதற்கப்புறம் அவர்கள் பார்த்தவை எல்லாம் ரொம்பச் சின்ன விஷயங்கள். தெருவில் யார் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், நூலகத்தில் புத்தகம் எடுப்பது கூடுகிறதா குறைகிறதா. நேரம் கொட்டிக் கிடந்தும் புத்தகம் எடுப்பது குறைந்தது. ஆண்கள் நடக்கும்போது நின்று நின்று போனார்கள், பெண்கள் வேகமாக நடந்தார்கள், ஏனென்றால் வீட்டு வேலை அவர்களுக்குக் குறையவே இல்லை. கேள்வி கூர்மையாக இருந்ததால்தான் தெருவில் நடப்பதுகூடத் தரவாயிற்று.

கடைசியாக அந்த 400. ஐந்து சதவீதப் பிழைக்குள் ஒரு விகிதத்தை மதிப்பிடுகிற சூத்திரத்திலிருந்து வருகிற எண் அது. நம் ஊர் ஆய்வேடுகளில் 384, 400 என்று ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொண்டே போகிறார்கள். உன் கேள்வி இரண்டு வகைப் பெண்களை ஒப்பிடுவது. கேள்வி முடிவான பிறகு எண்ணிக்கையைப் பற்றிப் பேசலாம்.

தரவுக்காரன்

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், பொருளியல் பக்கத்திலிருந்து. "திட்டத்துக்கு முன், திட்டத்துக்குப் பின்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அறிவிப்பு வந்தது 2021 மே 7. மே 10-லிருந்து முழு ஊரடங்கு, பஸ்ஸே ஓடவில்லை. ஜூன் கடைசியில்தான் மாவட்டம் மாவட்டமாகத் திரும்ப விட்டார்கள். அதற்கு முந்தைய வருடமும் கொரோனாதான். ஆகவே உண்மையான "முன்" என்றால் 2019. அப்போது வாரத்துக்கு எத்தனை தடவை வெளியே போனீர்கள் என்று இன்று கேட்டால் யாருக்கு நினைவிருக்கும்?

அதன் பிறகு 2022 செப்டம்பரில் கல்லூரி மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டம், 2023 செப்டம்பர் 15-ல் குடும்பத் தலைவிகளுக்கான மகளிர் உரிமைத்தொகை. மாதம் ஆயிரம் ரூபாய் கைக்கு வந்த பிறகு "சொந்தக் காசு இல்லாத பெண்" யார் என்பதே மாறிவிடும். உரிமைத்தொகை கிடைத்தவர், விண்ணப்பித்தும் கிடைக்காதவர் என்று கட்டாயம் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மலைப்பகுதிகளைத் தவிர மாநிலம் முழுக்க ஒரே நாளில் வந்த திட்டம், ஒப்பிட வேறு மாவட்டம் கிடையாது. ஆனால் திட்டம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்குத்தான். தனியார் மினி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் மட்டும் வருகிற ஊர்களில் இன்றும் காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும். உங்கள் பக்கம் அப்படி ஊர்கள் இருந்தால் ஒப்பீடு அங்கே கிடைக்கும். கொஞ்சம் தள்ளிப் போக முடிந்தால் கொடைக்கானல் மலை. மலைப்பகுதிகளுக்கு விரிவாக்கத்தை 2024-ல்தான் அறிவித்தார்கள், அங்கே "முன்" என்பது நினைவு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது.

போக்குவரத்துக் கழகத்தின் கட்டணமில்லாச் சீட்டுக் கணக்கைப் பெரிதாக நம்ப வேண்டாம். அது ஏறிய தடவைகளை எண்ணுகிறது, ஆட்களை அல்ல. உசிலம்பட்டியில் இறங்கி வேறு பஸ் மாறினால் ஒரே அம்மா இரண்டு சீட்டு.

உசிலைப்பெண்

திண்ணைக்குறிப்பு அக்கா, தரவுக்காரன் அண்ணா, மிக்க நன்றி. ராத்திரி உட்கார்ந்து இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"உசிலம்பட்டி வட்டாரத்தில் டவுன் பஸ் வரும் ஊர்களில், நாற்பத்தைந்து வயதைக் கடந்த, சொந்த வருமானம் இல்லாத பெண்கள் வேலை சாராத பயணங்களுக்கு வீட்டில் அனுமதி கேட்பது, மினி பஸ் மட்டும் வரும் ஊர்களில் உள்ள அதே நிலைப் பெண்களைவிடக் குறைவாக இருக்கிறதா? சொந்த வருமானம் உள்ள பெண்களிடமும் ஊருக்கு ஊர் அதே வேறுபாடு காணப்படுகிறதா?"

எங்கள் பக்கம் மினி பஸ் ஊர்கள் இருக்கின்றன. ஆனால் அவை மெயின் ரோட்டிலிருந்து தள்ளி இருப்பவை, வசதியிலும் சாதி அமைப்பிலும் ரோட்டோர ஊர்களிலிருந்து வேறுபட்டவை. அது பிரச்சினை ஆகுமா? இன்னொன்று, "அனுமதி கேட்பது" என்பதை எப்படி அளப்பது? தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் சந்தைக்கு, மருத்துவமனைக்கு, ஊருக்கு வெளியே தனியாகப் போக அனுமதி உண்டா என்று கேட்கிறார்கள். அதையே எடுத்துக்கொள்ளலாமா?

திண்ணைக்குறிப்பு

இதுதான் கேள்வி. கூட்டத்தில் இதைத் தைரியமாக வாசி.

ஊர்கள் வேறுபடுவது பிரச்சினைதான், ஒளிக்காமல் சினாப்சிஸிலேயே எழுது. ஒரே சாதி அதிகமாக உள்ள, உசிலம்பட்டியிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரமுள்ள ஊர்களை ஜோடி ஜோடியாகத் தேர்ந்தெடு. ஊர் குறைந்தாலும் பரவாயில்லை. உன் இரண்டாவது வரி இங்கே உன்னைக் காப்பாற்றும். வேறுபாட்டுக்கு ஊர்தான் காரணம் என்றால் வருமானம் உள்ளவர், இல்லாதவர் இரு தரப்பிலும் அது ஒரே மாதிரி தெரியும். காசு காரணம் என்றால் இல்லாதவரிடம் மட்டும் தூக்கலாகத் தெரியும்.

கணக்கெடுப்பின் கேள்வியை ஒப்பிட வைத்துக்கொள். 2019-21 சுற்றில் இந்திய அளவில் மூன்று இடங்களுக்கும் தனியாகப் போக முடியும் என்றவர்கள் 42 சதவீதம். ஆனால் அதைக் கேட்டது 49 வயது வரையுள்ள பெண்களிடம்தான், உன் ஆட்களில் பெரும்பாலோர் அதில் வரவே மாட்டார்கள். அதோடு அது அனுமதி உண்டா என்று கேட்கிறதே தவிர, கேட்டு வாங்கினாளா, சொல்லிவிட்டுப் போனாளா, வந்த பிறகு சொன்னாளா என்று பிரிப்பதில்லை. இந்த மூன்றுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் இந்த மூன்றில் எது என்று குறி. நாலாவதாக "சொல்லவே இல்லை" என்று ஒரு கட்டம் வை. அதை எங்கே உட்கார்ந்து கேட்கிறாய் என்பதும் முக்கியம். திண்ணையில் வீட்டுக்காரரோ மகனோ இருக்கும்போது அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். பஸ் ஸ்டாப்பில் கேள், நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில் கேள்.

ஒரு வீட்டில் மாமியார் பத்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பினால் பேரக்குழந்தையோடு வீட்டில் நிற்பது யார் என்று பார். முடிந்தால் சில வீடுகளில் மருமகளையும் தனியாக உட்கார வைத்துப் பேசு. கேள்வியின் வாசகத்தை இதற்காக மாற்ற வேண்டாம், ஒரு அத்தியாயத்துக்கு அது போதும்.

பைலட்டை, அதாவது முன்னோட்டக் கள ஆய்வை, மார்கழி, தையில் மட்டும் முடித்துவிடாதே. மல்லிகை வரத்து அப்போது ரொம்பக் குறைவு, பூக்கட்டுகிறவர்கள் கையில் காசும் இருக்காது, வெளியே போகிற காரணமும் வேறாக இருக்கும். சித்திரையில் பூ கொட்டும்போது அதே ஆட்களிடம் இன்னொரு தடவை போ.