டீசலில் தண்ணீர் என்று சொல்லி வாரண்டியை மறுக்கிறார்கள்: அடுத்து என்ன செய்யலாம்?

நொய்யல்கரை:
வணக்கம். கோவையில் வாங்கிய என் டீசல் கார் 41,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் வாரண்டி இன்னும் முடியவில்லை. சென்ற மாதம் குன்னூர் மலைப்பாதையில் பர்லியாரைத் தாண்டியதும் இழுவை குறைந்து, எஞ்சின் விளக்கு எரிந்து, வண்டி நின்றுவிட்டது. டீலரின் சர்வீஸ் சென்டரில் விட்டபோது, வாரண்டியிலேயே முடித்துவிடலாம் என்றார் சர்வீஸ் அட்வைசர். சில நாள் கழித்து, அடியில் நீர் தேங்கிய கலங்கல் டீசலை ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, எரிபொருள் கலப்படத்தால் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களும், அவற்றுக்கு டீசலை அழுத்தித் தள்ளும் ஹை பிரஷர் பம்பும் போய்விட்டன, இது வாரண்டியில் வராது என்று 1,80,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார். அந்த டீசலை எடுத்தபோது நான் அங்கே இல்லை. மறுப்பை எழுத்தில் கேட்டால், "கம்பெனி முடிவு சார்" என்று வாயால் மட்டுமே சொல்கிறார்கள். எஸ்டிமேட்டுக்கு ஒப்புதல் தராவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய் பார்க்கிங் கட்டணம் என்று இப்போது வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துக்கொண்டு பிறகு வழக்குத் தொடரலாமா?

பழைய பட்டறைக்காரன்:
அவர்கள் சொல்வது முழுப்பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காமன் ரெயில் எஞ்சினில், அதாவது எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் இன்றைய எஞ்சினில், டீசல் 1,600 பாருக்கும் மேலான அழுத்தத்தில் பாய்கிறது. உள்ளே உராயும் பாகங்களுக்கு அந்த டீசலே மசகும் ஆவதால், தண்ணீர் புகுந்தால் பம்பும் இன்ஜெக்டரும் தேய்ந்து துருப்பிடிப்பது உண்மைதான். ஆனால் தண்ணீர் வந்திருந்தால் தடயம் இருக்க வேண்டும். பெரும்பாலான டீசல் கார்களில் ஃபில்டரின் அடியில் நீரைப் பிரித்துத் தேக்கும் கிண்ணமும் அதில் ஒரு சென்சாரும் உண்டு. நீர் நிறைந்தால் டேஷ்போர்டில் தனி விளக்கு எரியும், எஞ்சின் கணினியிலும் பதிவாகும். உங்களுக்கு எரிந்தது எஞ்சின் விளக்கு மட்டும்தானா என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். அந்தக் கணினிப் பதிவைக் காட்டும் ஸ்கேன் ரிப்போர்ட்டின் அச்சுப்பிரதியைக் கேட்டு வாங்குங்கள். டீசல் ஃபில்டரைக் கடைசியாக மாற்றியது யார், எத்தனையாவது கிலோமீட்டரில் என்பதைச் சர்வீஸ் பில்லில் பாருங்கள். மாற்ற வேண்டிய சர்வீஸில் அவர்களே மாற்றாமல் விட்டிருந்தால் கதையே வேறு. கழற்றிய பாகங்களை வெளியே அனுப்பக் கூடாது என்று இன்றே எழுதிக் கொடுங்கள். டேங்கில் மிச்சமிருக்கும் டீசலை உங்கள் முன்னிலையில் இரண்டு சுத்தமான கலன்களில் எடுத்து, சீல் வைத்து, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும். யாரோ குடித்துவிட்டுப் போட்ட பாட்டிலில் பிடித்ததெல்லாம் மாதிரியே அல்ல.

பங்க் கணக்கர்:
கடைசியாக டீசல் போட்ட பில் இருந்தால் அந்த பங்க்குக்கும் எழுதுங்கள். நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பேஸ்ட் தடவிய கோலை இறக்கிப் பார்ப்பதும், டீசலின் டென்சிட்டியை (அடர்த்தியை) பதிவேட்டில் எழுதுவதும் எங்களுக்கு அன்றாட வேலை. தொட்டியில் நீர் இறங்கியிருந்தால் அன்று நிரப்பிய மற்ற வண்டிகளும் வழியில் நின்றிருக்கும். அப்படி ஒரு புகாரும் இல்லை என்று பங்க் எழுதிக் கொடுத்தால் உங்கள் கை ஓங்கும்.

வழக்குரைஞர், ஈரோடு:
மறுப்பை எழுத்தில் வாங்குவதே முதல் வேலை. தர மறுத்தால், அவர்கள் வாயால் சொன்னதை நீங்களே தேதியுடன் எழுதி, டீலருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன. நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு தாக்கல் செய்யலாம். வண்டிக்குக் கொடுத்த விலை 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 400 ரூபாய்தான். ஆணையம் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பவும் அச்சட்டத்தில் வழியுண்டு. மேலே நண்பர் சொன்ன சீல் வைத்த கலன் அங்கேதான் பயன்படும்.

டீலர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கும்போது, தயாரிப்பாளர் செய்த தவறு என்ன என்பதைத் தனியாக எழுத வேண்டும். டீலர் செய்ததற்கெல்லாம் தயாரிப்பாளர் தானாகவே பொறுப்பாகிவிட மாட்டார் என்று 2021இல், கோவாவிலிருந்து வந்த ஒரு கார் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் விஷயத்தில் வாரண்டி கொடுத்ததும் நிறுவனம், மறுத்ததும் "கம்பெனி முடிவு" என்பதால், அந்தச் சொல்லையே மனுவில் பிடித்துக்கொள்ளுங்கள்.

பார்க்கிங் கட்டண மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு, பொருளின்மீது செய்த வேலைக்கான கூலி வரும்வரை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. செய்யாத வேலைக்கு அது பொருந்தாது. வண்டியை விட்டபோது தந்த வேலைச் சீட்டான ஜாப் கார்டின் பின்பக்கப் பொடியெழுத்தில் இப்படி ஒரு கட்டணம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வண்டி அவசரத் தேவை என்றால், பழைய பாகங்களை உங்களிடமே தர வேண்டும் என்ற நிபந்தனையோடு, ஆட்சேபத்துடன் கட்டுவதாக முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள்.

நொய்யல்கரை:
மூவருக்கும் நன்றி. தண்ணீர் விளக்கு எரியவில்லை என்பது உறுதி. 40,000 சர்வீஸ் பில்லில் டீசல் ஃபில்டருக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள். ஜாப் கார்டில் கட்டணம் பற்றி எதுவும் இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட் கேட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன்.

பழைய பட்டறைக்காரன்:
ஆயிரம் கிலோமீட்டருக்கு முன் போட்ட ஃபில்டரா? அப்படியானால் அதைக் கழற்றி உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். புதிதா பழையதா என்பது பார்த்தாலே தெரிந்துவிடும்.