சிரஸ் மேகங்களின் அமைப்பு ஏன் இவ்வளவு மாறுகிறது?

வினா – முகிலன்_சென்னை
தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மிக உயரத்தில் தெரியும் சிரஸ் மேகங்கள் ஒரு நாள் இழை இழையாகவும், மறுநாள் சூரியனைச் சுற்றி வளையம் கட்டும் மெல்லிய படலமாகவும் இருக்கின்றன. இரண்டும் பனிப்படிகங்கள்தாம் என்றால் இந்த வேறுபாடு எதனால்? கண்ணுக்குப் புலப்படாத சிரஸும் உண்டாமே, அதை எவ்வாறு கண்டறிகிறார்கள்?

மறுமொழி 1 – வளிமண்டலம்
பிறப்பிலேயே வேறுபாடு தொடங்கிவிடுகிறது. வங்கக்கடலில் எழும் இடிமேகங்களின் உச்சி, பருவமழை மாதங்களில் ஏறத்தாழ 14 முதல் 16 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து வீசும் தாரைக்காற்றில் (உயரத்தில் குறுகிய பட்டையாக விரைந்தோடும் காற்று) சிக்கி, தாய் மேகம் கரைந்த பிறகும் மேற்கே வெகுதூரம் பரவுகிறது. நீங்கள் காணும் படலங்களில் பல இவ்வாறு வந்தவையே.

மற்றொரு வகை அங்கேயே உருவாவது. காற்று மெல்ல மேலெழுந்து குளிரும்போது, சுமார் −38° செல்சியசுக்குக் கீழே நுண்துளிகள் தூசியின் துணையின்றியே உறையும். ஆனால் அதற்குப் பனியைப் பொறுத்த ஈரப்பதம் (பனியோடு சமநிலையில் இருக்கும் நீராவியின் அளவை 100 எனக் கொண்டது) 140 விழுக்காட்டையும் தாண்ட வேண்டும். கனிமத் தூசி இருந்தால் அதைவிடக் குறைந்த ஈரப்பதமே போதும். காற்று வேகமாக எழுந்தால் சிறு படிகங்கள் ஏராளமாகவும், மெதுவாக எழுந்தால் சிலவாகவும் தோன்றுகின்றன. என் கணிப்பில், இந்த மேகங்களை முன்கூட்டிக் கணிப்பதில் உள்ள பெருந்தொல்லையே இந்த எழுவேகம்தான். சிறு வளிமண்டல அலை ஒன்று கடந்தாலே கணக்கு மாறிவிடும்.

இழைகளோ, விழுந்துகொண்டிருக்கும் படிகங்கள். உயரத்துக்கு உயரம் காற்றின் வேகம் மாறுவதால் அவற்றின் பாதை வால்போல் வளைகிறது.

மறுமொழி 2 – லிடார்_வாசகர்
இரண்டாம் கேள்விக்கு: ஒளியியல் தடிமன் (மேகம் ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) 0.03-க்குக் குறைந்தால் அது கண்ணுக்குப் புலப்படாத சிரஸ் எனப்படும். திருப்பதி அருகே கடங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் பச்சை லேசர் துடிப்புகளை மேலே செலுத்தி, திரும்பிவரும் ஒளியைக் கொண்டு இவற்றை அளந்துள்ளது. உருண்டையான நீர்த்துளி, திருப்பியனுப்பும் ஒளியின் முனைவாக்கத்தை (ஒளியலை அதிரும் திசையை) பெரும்பாலும் மாற்றாது. கோணல்மாணலான பனிப்படிகம் மாற்றிவிடும். இதைக் கொண்டே மேகம் பனியா, நீரா என்று பிரித்தறிகிறார்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. கிடைமட்டமாக மிதக்கும் தகட்டுப் படிகங்கள் கண்ணாடிபோல் ஒளியை முனைவாக்கம் மாறாமல் நேராகத் திருப்புவதால் நீர்மேகம் என ஏமாற்றக்கூடும். அதனால்தான் 2006-இல் ஏவப்பட்ட காலிப்சோ செயற்கைக்கோளின் லேசர், 2007 நவம்பரில் செங்குத்திலிருந்து 3 பாகை சாய்த்து வைக்கப்பட்டது.

மறுமொழி 3 – வானவளையம்
கருவியின்றியும் ஓரளவு அறியலாம். சூரியனைக் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். 22 பாகை வளையம் முழுமையாகத் தெரிந்தால் அறுகோணப் படிகங்கள் பல திசைகளில் திரும்பியுள்ளன. வளையத்தின் இருபுறம் மட்டும் ஒளிப்பொட்டுகள் தெரிந்தால் தகடுகள் கிடைமட்டமாக மிதக்கின்றன.